மன்றாட்டுக் கொப்பி

லண்டன்
12.06.1994

அன்பின் தங்கநேசம்,

நான் சுகம். முழங்கால் மட்டும் குளிருக்குப் பிடித்துக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் என்ன குளிர் என்று கேட்காதே. பண்டகசாலை வேலை முன்போலத்தான். அரசாங்கக் கச்சேரியில் இருபத்திரண்டு வருஷம் கோப்பு பார்த்தவன் இங்கே தகரப் பேணி அடுக்குகிறேன். நீ அனுப்பிய கூனிக் கருவாடு வந்து சேர்ந்தது. அறையில் கூட இருப்பவர்கள் மணத்துக்குச் சண்டை பிடித்துவிட்டுப் பிறகு பாதியைத் தின்று தீர்த்தார்கள்.

ஒரு காரியம், கோபப்படாமல் வாசி. வருகிற ஆகஸ்ட் 21ஆம் தேதியோடு நம்முடைய பிள்ளையைக் கொண்டுபோய் நாலு வருஷம் ஆகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைக்கு ஒரு நினைவு ஆராதனை வைக்கும்படி நல்லரத்தினம் போதகருக்கு எழுதியிருக்கிறேன். மரணச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாமாம். அதை முடித்தால் நீ இங்கே வருவதற்கான அலுவலைத் தொடங்கலாம். என் அகதி வழக்கு முடியும்வரை நான் அசைய முடியாது, நீதான் வர வேண்டும். வாசலைப் பார்த்துக்கொண்டு எத்தனை காலம் அங்கே தனியே இருப்பாய்?

நான் ஜெபிப்பதை விட்டுவிட்டேன், உனக்குத் தெரியும். நீயும் கொஞ்சம் ஓய்ந்து இரு.

அன்புடன்,
அருமைநாயகம்


நாவற்குடா
10.07.1994

அன்பின் மச்சானுக்கு,

கர்த்தர் உங்கள் முழங்காலைச் சுகப்படுத்தட்டும். முழங்காலில் நிற்பதை விட்டால் அது இறுகத்தான் செய்யும்.

உங்கள் கடிதம் என் கைக்கு வருமுன்னமே போதகருக்கு எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று காலை அறிவித்தல் வாசிக்கும்போது, "காலஞ்சென்ற எபனேசர் அருமைநாயகத்தின் நினைவு ஆராதனை" என்றார். நான் எழும்பிவிட்டேன். பாட்டுக்குத்தான் எழும்புகிறேன் என்று நினைத்துப் பின்வரிசை வாங்கில் இருந்த இரண்டு பேர் கூடவே எழும்பினார்கள்.

"ஐயா, என்ட மகன் காலஞ்செல்லல்ல. ஆமி கொண்டுபோனவன். ரெண்டும் வேற வேற" என்றேன்.

"இரிங்க தங்கச்சி, பிறகு கதைப்பம்."

"பிறகு கதைக்க ஒண்டுமில்ல ஐயா. மன்றாட்டுக் கொப்பியில அவன்ட பேர் கிடக்குது. அதை வெட்டாம நினைவு ஆராதனை வைக்க ஏலாது. வெட்ட உங்களுக்கு உரிமையும் இல்ல."

கொப்பியின் கதை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு தொடங்கியது. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் பெயர்களை எல்லாம் சபைப் பெண்கள் நாங்கள் ஒரு கொப்பியில் எழுதி, ஞாயிறுதோறும் மன்றாட்டு நேரத்தில் முறைவைத்து உரத்து வாசிக்கிறோம். அதற்கு ஒரே ஒரு சட்டம். பெயரை இன்னொருவர் வெட்டக் கூடாது. திரும்பி வந்தவர் தானே வந்து, நற்கருணை மேசைக்கு முன்னால் நின்று ஸ்தோத்திரம் சொல்லி, தன் கையால் வெட்ட வேண்டும். கிரானில் இருந்து இடம்பெயர்ந்து வந்த வினாயகமூர்த்தி போன வருஷம் சிறையிலிருந்து வந்து வெட்டினான். சைவக்காரன்தான், தாய் கேட்டாள், எழுதினோம். அழுத்தி வெட்டியதில் பேனை தாளைக் கிழித்துவிட்டது. அந்தக் கிழிசலை நான் இடைக்கிடை தடவிப் பார்ப்பேன்.

யோசித்துப் பாருங்கள், மச்சான். நம்முடைய சபையில் செத்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அவர்கள் கர்த்தரிடம் இருக்கிறார்கள் என்று நன்றி சொல்லி விட்டுவிடுகிறோம். அப்படியென்றால், நான் ஜெபத்தை நிறுத்துகிற நாள்தான் என் பிள்ளையை நானே குழியில் வைக்கிற நாள். கொண்டுபோனவன் வந்து, இன்ன இடத்தில் புதைத்தேன் என்று சொல்லட்டும். அவன் செய்ய வேண்டிய வேலையை நான் அவனுக்குச் செய்து கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. மூன்று வருஷத்தில் முப்பத்தொரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றிலாவது எபனேசர் என்று எழுதவில்லை. பிள்ளை, பிள்ளை, பிள்ளை. அந்தப் பெயரை வைத்தது நீங்கள்தானே?

உங்கள்
தங்கநேசம்


லண்டன்
02.08.1994

அன்பின் தங்கநேசம்,

ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன்.

அன்றைக்கு ஒலிபெருக்கியில் ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். அவன் வாவிக்கரையில் தோணியை அவிழ்த்துக்கொண்டு நின்றான், படுவான்கரைக்குப் போய்விடுகிறேன் என்று. நான்தான் போய்க் கையைப் பிடித்தேன். "நாம ஒளிக்கிற ஆக்கள் இல்ல மனே. நான் கவுண்மேந்து உத்தியோகத்தன். அடையாள அட்டையைக் காட்டிப்போட்டு வருவம்" என்றேன். வழிநெடுக ஜெபித்துக்கொண்டே போனேன். வரிசையில் அவனை எனக்கு முன்னால் நிறுத்தினேன். முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்க இருந்த தலையாட்டி தலையை ஆட்டினான். அவனைப் பிடித்தார்கள், என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

அதுதான் நான் கடைசியாகச் செய்த ஜெபம்.

நீ ஞாயிறுதோறும் அங்கே அவன் பெயரை வாசிப்பது எனக்கு இங்கே குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல இருக்கிறது. செத்துவிட்டான் என்றால் அழுது தீர்த்துவிடுவேன். எங்கேயோ உயிரோடு அடி வாங்கிக்கொண்டு கிடக்கிறான் என்றால், நான் எப்படிச் சோற்றில் கை வைப்பேன்? அவனைச் சாகவிடு தங்கநேசம். எனக்காக.

அருமைநாயகம்


நாவற்குடா
18.09.1994

அன்பின் மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டுப் பல நாள் எழுதாமல் இருந்தேன். நினைவு ஆராதனை நடக்கவில்லை. போதகர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை.

நீங்கள் கையைப் பிடித்தீர்கள். நான் என்ன செய்தேன் என்று மறந்துபோனீர்களா? நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று தெரியட்டும் என்று வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டு அனுப்பினேன். பொத்தானும் நானே பூட்டிவிட்டேன். ஆனால் பிடித்துக்கொண்டு போனது நீங்களும் இல்லை, நானும் இல்லை. கொண்டுபோனவனுடைய குற்றத்தை நீங்கள் லண்டன்வரை சுமந்துகொண்டு போய் வைத்திருந்தால், அவனுக்கு எவ்வளவு லேசு! நான் உங்களில் கோபமாக இருந்தேன், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். முதல் ஒரு வருஷம் உங்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதையும் கர்த்தரிடம்தான் சொன்னேன், சண்டை பிடித்துத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

இனி இன்றைய செய்தி. காணாமற்போனவர்களைப் பதியும் செஞ்சிலுவைக் கந்தோர் வரிசையில் காத்தான்குடி நபீஸாவை அடிக்கடி காண்பேன். அவளுடைய புருஷன் மஜீட் தொண்ணூறாம் ஆண்டு சாரத் துணி ஏற்றிக்கொண்டு லொறியில் போனவர். கொண்டுபோனது ஆமி அல்ல, எங்கட இயக்கப் பொடியன்மார். போன கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, நான் அஞ்சு நேரமும் அல்லாட்டக் கேக்கிறன். உங்கட சேர்ச்சில பேர் வாசிக்கிறீங்களாமே. எங்கட ஊட்டு மனிசன்ட பேரையும் ஒருக்கா வாசிங்களன். ரெண்டு பக்கத்தாலயும் கேட்டா நல்லந்தானே."

எழுதிவிட்டேன். சபைக் கமிட்டி குதித்தது. பொடியன்மாருக்கு யார் பதில் சொல்வது என்று ஒருவர், முஸ்லிம் ஆளுக்கு நம்முடைய சபையில் என்ன வேலை என்று இன்னொருவர். போதாததற்கு இரண்டு ஞாயிறாக, ஆமிக் காம்பிலிருந்து ஒருத்தன் சிவில் உடுப்பில் பின்வாங்கில் வந்து இருக்கிறான். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

போதகர் என்னைக் கூப்பிட்டு, "மனதுக்குள்ள வாசிப்பம் தங்கச்சி. கர்த்தருக்குக் கேக்கும்" என்றார்.

"கர்த்தருக்குக் கேக்கும் ஐயா. பின்வாங்கில இருக்கிறவனுக்குக் கேக்காதே" என்றேன்.

இன்று என் முறை. நாற்பத்துமூன்று பெயர். முதலாவது எபனேசர், கடைசி மஜீட். பயமில்லை என்று நினைக்காதீர்கள். மஜீட் என்றதும் வழக்கமான மறுமொழியை ஒருவரும் சொல்லவில்லை. பிறகு போதகரே, அந்தப் பயந்த மனுஷனே, உரத்த சத்தமாய், "கர்த்தாவே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். அதன் பிறகு சபை முழுவதும் சொன்னது. பின்வாங்கில் இருந்தவன் எழும்பிப் போய்விட்டான்.

உங்கள்
தங்கநேசம்


லண்டன்
15.10.1994

தங்கநேசம்,

உனக்கு என்ன பிடித்திருக்கிறது? ஆமியையும் பகைத்து, பொடியன்களையும் பகைத்து, அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாய்? ஒரு வினாயகமூர்த்தி வந்தான் என்பதற்காக நாற்பத்துமூன்று பேரும் வருவார்களா? கேட்பவர் கேட்பதாக இருந்தால் அன்றைக்கு வழியில் நான் கேட்டதைக் கேட்டிருப்பார்.

என்னால் இன்னொருவரையும் இழக்க முடியாது. கொப்பியா நானா என்று முடிவெடு. அதை விட்டுவிட்டேன் என்று எழுது. இல்லையென்றால் எழுதாதே, நானும் எழுத மாட்டேன்.

அருமைநாயகம்


நாவற்குடா
12.02.1995

அன்பின் மச்சானுக்கு,

எழுதாதே என்றீர்கள். நான் மூன்று கடிதமும் ஒரு கிறிஸ்மஸ் மட்டையும் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. சொன்ன சொல்லில் நிற்கிற மனுஷன் என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகா காட்ட வேண்டும்?

இங்கே சண்டை நின்றிருக்கிறது. சமாதானப் பேச்சு என்கிறார்கள். பாதைகளில் சனம் போய்வருகிறது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இதுவரை ஒரு கீறலும் இல்லை. காம்புக்குக் கூப்பிட்டு இரண்டு தரம் விசாரித்தார்கள். என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள், ஜெபம் பண்ணுகிறேன் என்றேன். அதை எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கொப்பியை விடவில்லை. விடவும் மாட்டேன். இன்று அதில் இன்னொரு பெயர் எழுதினேன். நாற்பத்துநாலாவது: அருமைநாயகம், லண்டன்.

எழுதும்போது போதகர் எட்டிப் பார்த்தார். "அவர் காணாமப் போகல்லையே தங்கச்சி. விலாசம் இருக்குதே?"

"விலாசம் இருக்குது ஐயா. ஆள்தான் இல்ல."

மற்றப் பெயர்களைப் போலத்தான் வாசித்தேன், சத்தமும் குறைக்கவில்லை. உங்கள் பெயருக்கு வந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. எபனேசரின் பெயருக்கு இப்போதெல்லாம் நான் அழுவதில்லை, அதற்குச் சண்டைதான் பிடிப்பேன். நபீஸாவிடம் சொன்னேன். அவளும் அஞ்சு நேரமும் உங்களைச் சேர்த்துக் கேட்கிறாளாம். இரண்டு பக்கத்தாலும் விண்ணப்பம் போகிறது, மச்சான். தப்ப முடியாது.

திரும்பி வருகிறவருக்கு என்ன சட்டம் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

உங்கள்
தங்கநேசம்


லண்டன்
19.03.1995

அன்பின் தங்கநேசம்,

உன் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துப் பிரித்தேன். வாசித்து முடித்துவிட்டுப் பேணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்.

உன்னில் கோபம்தான் முதலில் வந்தது. நான் உயிரோடு இருக்கும்போது என் பெயரை அந்தக் கொப்பியில் எழுத உனக்கு என்ன துணிச்சல் என்று. பிறகுதான் பார்த்தேன், அதில் இருப்பவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றுதானே நீ எழுதி வைத்திருக்கிறாய்.

ஐந்து வருஷமாகப் பழக்கம் விட்டுப்போனதால் நீளமாக ஜெபிக்க வரவில்லை. பெயரைத்தான் சொன்னேன். எபனேசர். எபனேசர். எபனேசர். உரத்துச் சொன்னேன். அந்த மேற்பார்வையாளருக்கு அது என்ன மருந்தின் பெயரோ என்று தோன்றியிருக்கும்.

வழக்கறிஞர் கத்துகிறார், இப்போது நாட்டுக்குப் போனால் இங்கே திரும்பி வரவே முடியாது என்று. திரும்பி வருவதற்காகப் போகவில்லை என்றேன். உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முன்னே வந்துவிடுவேன். சமாதானம் அதற்குள் உடைந்தாலும் வருவேன்.

போதகரிடம் சொல்லு, அன்றைக்கு மன்றாட்டு முறை எனக்கு வேண்டும். முதலாவது பெயரை நான் வாசிக்க வேண்டும். நாற்பத்துநாலை நீ தொடாதே, நானே வெட்டுகிறேன். தாளைக் கிழிக்காத நல்ல பேனை ஒன்று வாங்கியிருக்கிறேன். நான் வெட்டின பிறகு அதை நூலால் கொப்பியோடு கட்டி வை. எபனேசருக்குத் தேவைப்படும்.

உன்
அருமைநாயகம்