வலப்பக்கம் ஒரு தட்டைக்கல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் "இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நலம்" என்று எழுதுவாய். அதையாவது எழுதக்கூடாதா? மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஊரார் திரைச்சீலைக்கெல்லாம் ஓரம் அடித்துக் கொடுக்கிறாய், தம்பிக்கு நாலு வரி எழுத நேரமில்லை.

இங்கே மழை ஓய்ந்துவிட்டது. ஏரிக்கரைப் பாதையில் சேறு காய்ந்து, வாத்துகள் திரும்பி வந்திருக்கின்றன. நாம் இருவரும் போன முதல் நடை அதுதானே. இரண்டு கிலோமீட்டருக்கு நாலு இடத்தில் உட்கார்ந்தாய். நாலாவது இடத்தில் "இனிமே என்னை இழுத்துட்டு வராதே" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வருவதற்கு முன்பே கைத்தடியோடு வாசலில் நின்றாய்.

அலுவலகத்தில் என் மேசையை ஜன்னலோரம் மாற்றிவிட்டார்கள். நில அளவைத் துறையில் முப்பத்து நாலு வருடம் வரைபடம் போட்டவனுக்கு இப்போதுதான் வெளிச்சம் கிடைத்திருக்கிறது. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்.

ஒரு சின்ன விஷயம். நாம் நடந்த பாதைகளை வைத்து நான் எழுதிய 'எளிய நடைகள்' கையேடு மறுபடி அச்சுக்குப் போவதாக இருந்தது, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போன மாதம் பதினேழாவது நடையில், ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஒரு பெரியவர் இறந்துவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர், பலவீனமான இதயம். கூட மனைவியும் இருந்திருக்கிறார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் கையேட்டை வெளியிட்டது எங்கள் அலுவலகம் என்பதால் விசாரணை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முன்னுரையில் நான் எழுதியதை அதிகாரி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்: "ஒரு கால் சற்றுக் குட்டையான என் அக்கா நடந்து, உட்கார்ந்து பார்த்த பாதைகளுக்கு மட்டுமே கைத்தடிக் குறி இட்டிருக்கிறோம். அவரால் முடிந்தால் உங்களாலும் முடியும்."

அதிகாரி உனக்கு எழுதுவார். பதினேழாவது பாதையில் நடந்தேன், மேட்டைத் தாண்டி வலப்பக்கம் இருந்த தட்டைக்கல்லில் உட்கார்ந்தேன் என்று பதில் போட்டுவிடு. இரண்டு வரி போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். எழுதிவிட்டேன், திருப்திதானே?

ஒரு பக்கம் முழுக்க வாத்துக் கதை சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தில் ஒரு செத்த மனிதரை வைத்திருக்கிறாய். சின்ன வயதில் மதிப்பெண் அட்டையை நீட்டுவதற்கு முன்னால் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பாயே, அதே வேலை. தலை நரைத்தும் கெட்டிக்காரத்தனம் வளரவில்லை.

நான் உன்னோடு நடந்தவை பதினாறு. ஏரியைச் சுற்றி ஐந்து, காட்டுக்குள் ஏழு, ஆற்றோரம் நாலு. பதினாறாவதில் பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டு, நீ என்னை முதுகில் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தாய். டாக்டர் மாடிப்படியே கூடாது என்றதும்தானே இந்தத் தரைத்தளத்து வீட்டுக்கு, ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி, குடிவந்தேன்? அது ஆகி ஐந்து வருடம். பதினேழாவது நடைக்கு என் கால் எப்போது வந்தது?

அந்தத் தபால்காரர் எப்படி இறந்தார் என்று மட்டும் சுருக்கமாக, வளைக்காமல் எழுது. இதயம் என்று எழுதிவிட்டு நழுவாதே.

அக்கா


மார்ச் 13

அக்கா,

வளைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டாம் பதிப்புக்கு ஒரு புது நடையாவது வேண்டும் என்றார்கள். பள்ளத்தாக்குப் பாதையில் நான் தனியாகப் போனேன். நல்ல கோடை, தரை கட்டாந்தரையாக இருந்தது. எனக்கு முக்கால் மணி பிடித்தது. பதினாறு நடைகளிலும் நீ என்னைப்போல இரண்டு மடங்கு நேரம்தான் எடுத்திருக்கிறாய், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதனால் 'அக்காவின் நேரம்: ஒன்றரை மணி' என்று போட்டேன். குறியையும் போட்டேன். நீ வந்திருந்தால் அவ்வளவுதான் ஆகியிருக்கும் என்று மனதார நம்பினேன்.

அப்புறம் 'உட்கார இடம்' என்ற வரி. ஒவ்வொரு நடைக்கும் அது உண்டு, நீ எங்கே உட்கார்ந்தாயோ அதைத்தான் எழுதியிருக்கிறோம். பதினேழாவதில் அது காலியாக இருந்தது. பக்கம் அமைக்கும் பெண் வந்து, "சார், இந்த ஒரு வரி விட்டுப்போச்சு, அச்சகத்துல காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள். மேசையில் உட்கார்ந்தபடியே எழுதிக் கொடுத்தேன்: "மேட்டைத் தாண்டிப் பத்து நிமிடத்தில், வலப்பக்கம் ஒரு தட்டைக்கல்." காட்டில் கல்லுக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

அவர்கள் போனது மழைக்குப் பிறகு. பாதை வழுக்கியிருக்கிறது. மேடு ஏறியதும் பெரியவருக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. திரும்பியிருந்தால் இறக்கம், அரை மணியில் பேருந்து நிறுத்தம். அந்த அம்மா கையேட்டைப் பிரித்து, உட்கார இடம் பத்து நிமிடத்தில் இருக்கிறது என்று சொல்லி முன்னால் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு மணி நேரம் நடந்திருக்கிறார்கள். பெரியவர் கீழே உட்காரவில்லை. ஈரம், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயம். கல் வரட்டும் என்று நடந்து, நின்றபடியே சரிந்துவிட்டார்.

அந்த அம்மா விசாரணையில் என்ன சொன்னார் தெரியுமா? "கல்லு இன்னும் கொஞ்ச தூரத்துலதான் இருந்திருக்கும். நான்தான் சரியாப் பாக்கல." அவர் யார்மேலும் குற்றம் சொல்லவில்லை, அக்கா. அவருக்கே சந்தேகம் இல்லாதபோது நாம் ஏன் கிளற வேண்டும்? நீ அந்தக் கல்லில் உட்கார்ந்ததாகச் சொன்னால் போதும். மழையில் உருண்டு ஆற்றில் போயிருக்கும் என்று முடித்துவிடுவார்கள்.

இல்லையென்றால் எனக்கு வேலை போகும். வழக்கும் வரலாம் என்கிறார்கள்.

தம்பி


மார்ச் 18

தம்பி,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகத் தையல் எந்திரத்தில் உட்காரவில்லை. எதிர்வீட்டுக்காரியின் ஜன்னல் திரை பாதி தைத்தபடி கிடக்கிறது.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாம் பதிப்பு வந்ததும் ஒரு பிரதி அனுப்பினாயே, பதினேழாவது நடையின் பக்கத்தை அன்றைக்கே பார்த்துவிட்டேன். என் கைத்தடி, என் நேரம், நான் உட்கார்ந்த கல், எல்லாம் இருந்தன. எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் சமையலறைக்கும் வாசலுக்கும் பதினெட்டு அடி, அதுதான் என் நடை. அந்தப் பக்கத்தில் நான் ஆற்றோரமாகப் போய், மேடு ஏறி, கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன். துணி கொண்டுவருபவர்களிடம் பிரித்துக் காட்டினேன். "இது கொஞ்சம் ஏத்தம்தான், ஆனா அந்தக் கல்லு வந்ததும் சரியாயிடும்" என்று ஒருத்தியிடம் சொல்லவும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அன்றே உனக்கு ஒரு கார்டு போட்டிருந்தால், "டேய் நெட்டையா, நான் போகாத ஊருக்கு ஏன்டா வழி சொல்றே" என்று கேட்டிருந்தால், அடுத்த அச்சில் அந்தப் பக்கத்தை எடுத்திருப்பாய். நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் அந்தப் பொய்யை ஆசையாக வைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரியின் கடிதம் வந்துவிட்டது. பதில் சொல்வதற்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்துவிட்டு வரப்போகிறேன். நான் அங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

ரயில் நிலையத்துக்கு வந்து நிற்காதே. வாடகை வண்டி சொல்லிவிட்டேன்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

போகாதே. காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் இடுப்புக்கு அந்த மேடு ஆகாது. ஒன்று கிடக்க ஒன்று ஆனால் நான் என்ன செய்வேன்? ஒரு சாவு போதாதா?

நீ மறந்துவிட்டாய். அம்மா போன பிறகு இரண்டு வருடம் நீ வாசற்படி தாண்டவில்லை. காலைப் பார்த்துத் தெருவில் சிரிக்கிறார்கள் என்று திரையை இழுத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாய். உன்னை வெளியே கொண்டுவரத்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம், யாருக்கு அவசரம் என்று ஏரியைச் சுற்றிக் காட்டியது யார்? கையேடு அப்புறம் வந்ததுதான். பதினேழாவதில் உன்னைச் சேர்த்ததும், நீ இனிமேல் நடக்க மாட்டாய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை என்பதால்தான். குறி இல்லாமல் ஒரு பக்கத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்ல முடியும்? உன்னிடம் கேட்பது ஒரு வரி. தூக்கிக்கொண்டு வந்த முதுகுக்காக அந்த ஒரு வரியை எழுதக் கூடாதா?

தம்பி


மார்ச் 30

தம்பி,

நடந்தேன்.

காலை ஒன்பதரைக்கு நிறுத்தத்தில் இறங்கினேன். முதலில் ஆற்றோரம், பாதை அகலம், மரங்களில் புது இலை. நீ எழுதியிருப்பது போலவே அழகாகத்தான் இருக்கிறது. காட்டுக்குள் நுழைந்ததும் வேர்களில் தடி வழுக்கியது. மேட்டின் உச்சிக்குப் போகவே எனக்கு இரண்டேகால் மணி ஆயிற்று. உன் இரண்டு மடங்கு என் பழைய இடுப்புக்குப் போட்ட கணக்கு.

மேட்டைத் தாண்டிப் பத்து நிமிடத்தில், அரை மணியில், ஒரு மணியில், வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். இல்லை என்று தெரிந்த நானே பார்த்தேன் என்றால் புத்தகத்தை நம்பியவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்ததில் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. கடைசியில் கால் மடங்கி ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. முக்கால் மணி கழித்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். "இந்தப் பக்கம் வயசானவங்க வரக்கூடாதும்மா, உக்காரவே எடம் கெடையாது" என்றார். நான் அன்றைக்கு உன்னோடு வந்திருந்தால் மேட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து, திரும்பிப் போடா என்றிருப்பேன். பதினேழாவது நடை என்று ஒன்று புத்தகத்தில் இருந்திருக்காது.

மறுநாள் தபால்காரரின் மனைவியைப் போய்ப் பார்த்தேன். முகவரியை அதிகாரி தரவில்லை, தபால் நிலையத்தில் கேட்டதும் தந்தார்கள். சின்ன வீடு. வாசலில் அவருடைய நடைச் செருப்பு அப்படியே இருந்தது. நான் உள்ளே போகவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"அந்தக் கல்லு அங்க இல்லம்மா. எப்பவுமே இருந்ததில்ல. நீங்க எதையும் பாக்காம விடல."

அவர் அந்தச் செருப்பைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப நாங்க எவ்வளவு தூரம் போயிருந்தாலும்?"

"எவ்வளவு தூரம் போயிருந்தாலும் இல்லம்மா."

"நீங்க யாரு?"

"எழுதினவனோட அக்கா."

என் காலைப் பார்த்தார், தடியைப் பார்த்தார். "அவரு வேணாம், திரும்பிடலாம்னுதான் சொன்னாரு. ஒரு கால் சரியில்லாத பொம்பள நடந்திருக்கா, உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு நான்தான் ஏசினேன்" என்றார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமில்லாமல்தான் சாத்தினார்.

கல் ஆற்றில் உருண்டுவிட்டது என்று நான் எழுதியிருந்தால், இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சாகும்வரை எண்ணிக்கொண்டிருப்பார். உண்மையைச் சொல்லி அவருக்கு நான் நல்லது செய்துவிடவில்லை. இருந்தாலும் அந்தப் பழியை அவர் தலையில் வைத்துவிட்டு உன்னைக் காப்பாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அங்கிருந்து நேராக விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். கையேடு அச்சாகும் முன் அந்தப் பாதையில் நடந்தீர்களா என்று அதிகாரி கேட்டார், இல்லை என்றேன். உங்கள் குறி அச்சானது தெரியுமா என்று கேட்டார், முதல் நாளே தெரியும் என்றேன். இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டேன். என் பங்கையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளை நான் மறக்கவில்லை. திரையை விலக்கி என்னை வெயிலுக்குக் கொண்டுவந்தவன் நீதான். அதற்கு ஈடாக எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன், நீ இதைக் கேட்டுவிட்டாய். உனக்கு வேலை போகும், அதை நான்தான் பறித்தேன். நீ அப்படித்தான் நினைப்பாய், நினைத்துக்கொள்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் படிப்பேன். படித்தால் இளகிப்போய், நாளைக்கே அங்கே போய் நான் சொன்னது தப்பு என்று சொன்னாலும் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அக்கா