மாலா தீப்பெட்டியின் முகம்

12 அக்டோபர் 2025, ஞாயிறு

எங்கள் தீப்பெட்டியை வாங்கும் கட்டாக் வியாபாரி மறுபடியும் போன் செய்தான். சரக்கில் குறையில்லையாம், லேபிள்தான் பழசாம். பொம்பளை படமெல்லாம் இப்போது போவதில்லை, புலியோ கழுகோ போடு என்கிறான். என் மகன் முத்துசெல்வத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவனும் ஒரு வருடமாக இதைத்தான் சொல்கிறான். கம்ப்யூட்டரில் ஒரு கழுகைத் தயார் செய்தே வைத்திருக்கிறான். நான் போன பிறகு பறக்கவிடு என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

என் மனைவி செண்பகவல்லி, உப்புக் கூடினாலும் குறைந்தாலும் பேசுகிறவள், லேபிள் பேச்சு வந்தால் மட்டும் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

15 அக்டோபர்

மழை. குச்சி காயவில்லை. பசுவந்தனைப் பக்கமெல்லாம் உளுந்து விதைத்துவிட்டு வானத்தைக் கும்பிடுகிறார்கள். நான் ஒருத்தன் வெயில் கேட்கிறேன். தீப்பெட்டிக்காரன் பிழைப்பு அப்படி.

வேலை இல்லாத நாளில் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வரும். 'எட்டாம் நாள் மழை'. 1988. எனக்கு இருபது வயது. இந்தக் கரிசலில்தான் எடுத்தார்கள். மொத்தம் நாலே படம் எடுத்த வேலப்பன் என்கிற மனுஷன் இயக்கியது. கோவில்பட்டியில் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. ஓடிய வரைக்கும் நான் போனேன்.

மழை வந்தால் எந்தக் கதாநாயகியும் கையை விரித்துக்கொண்டு ஆடுவாள். இந்தப் படத்தின் நாயகி வனஜமாலா ஆடமாட்டார். முற்றத்தில் காயப்போட்ட மிளகாய் வத்தலை முந்தானையில் அள்ளி அள்ளி உள்ளே கொண்டுபோய்ப் போடுவார். கடைசி வத்தலையும் அள்ளிப் போட்ட பிறகுதான் நிலைப்படியில் சாய்ந்து அழுவார். எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் அழுவார்கள், வேலையை முடித்துவிட்டு. அது வேலப்பனுக்கு எப்படித் தெரிந்தது? நடித்தவருக்கு எப்படித் தெரிந்தது? இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

தொழில் தொடங்கியபோது அப்பா செண்பகவல்லி அம்மன் படம் போடச் சொன்னார். நான் பிடிவாதமாக வனஜமாலா முகத்தைப் போட்டேன். மாலா தீப்பெட்டி. அப்பா ஒரு மாதம் பேசவில்லை. பிறகு எனக்குக் கட்டிவைத்த பெண்ணுக்கே அம்மன் பெயர். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

18 அக்டோபர்

புத்தகக் கண்காட்சி நடத்துகிற செல்வகணேஷ் வந்தார். வேலப்பன் இந்த ஆண்டு காலமானதற்கு நினைவுக் கூட்டமாம். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி கல்யாண மண்டபத்தில் படத்தைத் திரையிடுகிறார்கள். வனஜமாலாவே வருகிறாராம்.

அவர் போன பிறகு கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டேன். இந்த வயசில்!

8 நவம்பர், சனி

வனஜமாலாவிடம் கொடுக்க, அச்சு நன்றாக விழுந்த பெட்டிகளாகப் பொறுக்கி ஒரு சின்னப் பண்டல் கட்டினேன். முத்துசெல்வம் பார்த்துவிட்டு, "அவங்ககிட்ட கேக்காமலே முகத்தப் போட்டிருக்கீங்க. கேஸ் போட்டா என்னப்பா செய்வீங்க?" என்றான்.

அந்தக் காலத்தில் யார் யாரைக் கேட்டோம்? சிவகாசி அச்சகக்காரர் சினிமாச் சுவரொட்டியைப் பார்த்து வரைந்தார், நாங்கள் ஒட்டினோம்.

வீம்புக்குச் சொல்லிவிட்டேன். "அவிய பார்த்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், லேபிள் அப்படியே இருக்கும். முகம் சுளிச்சாவன்னா உன் கழுக நானே அச்சுக்குக் கொடுத்துருதேன்."

செண்பகவல்லி, அங்கன கொண்டுபோய்க் காட்டத்தான் வேணுமா என்றாள். ஆனால் தானும் வருகிறேன் என்றாள். அவளுக்கு எதற்கு இந்தப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

9 நவம்பர்

பார்த்தேன். எழுத வரவில்லை.

10 நவம்பர்

படம் அப்படியே இருந்தது. திரையில் கோடுகள் விழுந்தன, சத்தம் சரியில்லை, அதனால் ஒன்றும் குறையவில்லை. வத்தல் அள்ளும் இடத்தில் எனக்கு முந்தி செண்பகவல்லி மூக்கை உறிஞ்சினாள்.

கூட்டம் கலைந்த பிறகு செல்வகணேஷ் எங்களை மேடைப் பக்கம் கூட்டிப்போனார். வனஜமாலாவுக்கு நரைத்த தலை, கதர்ப் புடவை. கண் மட்டும் அதே கண். பண்டலைப் பிரித்து ஒரு பெட்டியை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல முகம். யாருங்க இவங்க?" என்றார்.

நீங்கள்தான் அம்மா என்றேன். மறுபடி பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பெட்டியை ஒரு தடவை, பின்னால் நின்றவளை ஒரு தடவை. அப்புறம் சிரித்தாரே ஒரு சிரிப்பு.

"வீட்டம்மாவைப் போட்டுட்டு நான்னு சொல்றீங்களே."

திரும்பினேன். செண்பகவல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில்தான் சொன்னாள். 2003-இல் எனக்கு மஞ்சள் காமாலை கண்டு பாளையங்கோட்டையில் படுத்திருந்தேன். பழைய நெகட்டிவ் பூஞ்சை பிடித்துவிட்டது, தெளிவான படம் அனுப்புங்கள், புதிதாக வரைந்துவிடலாம் என்று அச்சகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். வனஜமாலா படங்களெல்லாம் என் டிரங்குப் பெட்டியில். சாவி என் அரைஞாணில். லோடு பொங்கலுக்குள் போயாக வேண்டும். இவள் தன் கல்யாணத்துக்கு முந்திய போட்டோவை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"மூக்குத்தி மட்டும் வரைஞ்சிக்கிடுங்கன்னு சொன்னேன்" என்றாள். வனஜமாலாவுக்கு மூக்குத்தி உண்டு; இவள் மூக்கே குத்தாதவள். "நீங்க எந்திரிச்சு வந்து பார்த்ததும் சத்தம் போடுவீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன். நீங்க ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லாமலா இருந்தேன்? எத்தனை நாள், அந்தப் பெட்டியை இவ கையிலயே கொடுத்து, இந்த மூக்கு மாதிரி ஒரு மூக்கு உலகத்துல உண்டாட்டின்னு கேட்டிருக்கேன். இவகிட்டயே! அவளும் சாம்பார ஊத்திக்கிட்டே ஆமான்னு சொல்லியிருக்கா. என்ன நெனச்சிருப்பா என்னைய? ஆயிரம் பேருக்கு நடுவுல வனஜமாலா கால் விரல வச்சே அடையாளம் சொல்லுவேன்னு பீத்திக்கிட்டவன் நான். கூறு கெட்டவன்.

12 நவம்பர்

டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய லேபிள் ஒன்றைத் தேடி எடுத்தேன். பக்கத்தில் இப்போதையதை வைத்தேன். இரண்டும் வேறு வேறு முகம் என்று குருடன்கூடச் சொல்லிவிடுவான்.

செண்பகவல்லி மேல் கோபமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கோபம் இல்லை. அவளை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. அவள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது பார்க்கிறேன்.

16 நவம்பர், ஞாயிறு

இன்று கேட்டுவிட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வீட்டுல என்னையப் பாக்கதவிட அதத்தான் ஆசையாப் பாத்தீங்க. அதுவும் நாந்தானேன்னு இருந்துட்டேன். சொல்லிட்டா அப்புறம் அதையும் பாக்கமாட்டீங்களோன்னு இருந்துச்சு."

உட்கார்ந்து நானும் கடலை உடைத்தேன்.

22 நவம்பர்

வனஜமாலா மேல் இருந்த பிரியம் போய்விட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். போகவில்லை. அது இருபது வயதில் தியேட்டர் இருட்டில் கிடைத்தது, அங்கேயே இருக்கட்டும். வேலப்பனுக்கும் அதே கும்பிடு. பெட்டி மேல் இருப்பது வேறு ஆள், அவ்வளவுதான்.

முத்துசெல்வத்திடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவனுக்கு. பிறகு அம்மாவை ஒரு மாதிரி பார்த்தான். "நல்ல முகம்னுதானே சொன்னாங்க? அப்ப பந்தயத்துல நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றான். கட்டாக் வியாபாரியிடம் அவனே பேசிக்கொள்கிறானாம்.

28 நவம்பர், வெள்ளி

சிவகாசி போய் வந்தோம், நானும் செண்பகவல்லியும். இத்தனை வருடத்தில் அவளை அச்சகத்துக்கு நான் கூட்டிப்போனதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் லேபிளைப் பெரிதாக்கிக் காட்டி, நிறத்தைக் கொஞ்சம் தூக்கலாக்கவா, வேறு ஏதாவது மாற்றணுமா அண்ணாச்சி என்று கேட்டார்.

மூக்குத்தியை எடுத்துவிடச் சொன்னேன்.