ஐந்து ஸஹன் சோறு

வாப்பா,

இன்று காலை விடுதி வாசற்படியில் உப்புப் போட்டிருந்தார்கள். பனி உறைந்து ஆட்கள் வழுக்கி விழாமல் இருக்க வாளி வாளியாகக் கொட்டுவார்கள். சப்பாத்துக்குக் கீழே அது நறநறவென்று நொறுங்கியதும் நான் நின்றுவிட்டேன். போன குளிருக்கு இதே படியில் நின்றுதான் போனில் உங்களுக்குக் காட்டினேன். புத்தளத்து உப்பளத்தில் முப்பது வருஷம் வெயிலில் வெந்த மனிதருக்கு இதையெல்லாம் காட்டலாமா? உங்களுக்கு வந்த கோபம்!

"அல்லாஹ்வே! திங்கிற சாமானயா மகள் மிதிச்சிட்டுப் போறாங்க?" என்றீர்கள். பிறகு போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்து, "கபில நிறமா இரிக்கி. அடி மண்ணோட சேத்து வாரியிரிக்கான். வேல தெரியாதவன்" என்று ஸ்கொட்லாந்துக்காரர் அத்தனை பேருக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னீர்கள். அது சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் உப்பு, அதன் நிறமே அதுதான் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கெடுக்க மனம் வரவில்லை.

நேற்றுப் பெறுபேறு வந்தது, வாப்பா. முதுமாணிப் பட்டம் கிடைத்துவிட்டது. அலுமாரியை வெறுமையாக்கிவிட்டேன், அடுத்த கிழமை ஊருக்கு வருகிறேன். வருவதற்கு முதல் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெப்ரவரியில் நான் பாஸாகவில்லை.

புள்ளிவிபரவியலில் பெயில். ஊரில், தில்லையடியில் எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கெட்டிக்காரப் பிள்ளை என்று பேர் எடுத்தவள், இங்கே வகுப்பில் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவளிடம் கேட்கக்கூட வெட்கம். பெறுபேறு வந்த அன்று பின்னேரம் நீங்கள் எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"ரிசல்ட் வந்திச்சா மகள்?"

"ஓம் வாப்பா. எல்லாம் பாஸ்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது.

நீங்கள் அதோடு விட்டீர்களா? நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு உப்பளத்துக் கூட்டாளிமாரையெல்லாம் கூப்பிட்டுச் சோறு கொடுத்தீர்கள். ஒரு ஸஹன் தட்டைச் சுற்றி ஆறு பேராக ஐந்து ஸஹன். தம்பி படம் அனுப்பினான். வெள்ளைச் சட்டையோடு நிலத்தில் உட்கார்ந்து, உங்கள் பக்கத்து இறைச்சித் துண்டை எதிரில் இருந்தவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். முகம் அப்படி ஒரு முகம். நான் விடுதிக் குசினியில் தனியே நின்று பாண் தின்றுகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். மிச்சப் பாணைத் திரும்பக் கடதாசியில் சுற்றி வைத்தேன்.

ஓகஸ்டில் திரும்ப எழுதிப் பாஸாகியதும் சொல்லலாம், சேர்ந்து சிரிக்கலாம் என்று நினைத்திருந்தேன். மே மாதத்தில் ஒரு நாள் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்றீர்களாம். அன்றே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். எங்கள் ஜனாஸா யாருக்காகவும் காத்திருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எல்லோர் மீதும் கோபம் வந்தது. தம்பி மையவாடியிலிருந்து போனில் காட்டினான். மண் விழும் சத்தம் கேட்டது. அழுதுகொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன். நீண்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். எட்டு மாதம் இருந்தும் ஒரு கதவுக்குப் பின்னால் இருப்பவரின் பெயரும் எனக்குத் தெரியாது. திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூனில் விரிவுரையாளரின் அறைக்குப் போய், எனக்கு விளங்கவில்லை என்றேன். எதிலிருந்து என்று கேட்டார். முதலாம் கிழமையிலிருந்து என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான் வாப்பா, வேறு ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அதற்குப் பிறகு எனக்கு 'விளங்கவில்லை', 'முடியவில்லை' என்று சொல்லப் பழகிவிட்டது. ஒரு நாள் பக்கத்து அறைக் கதவைத் தட்டி, இன்றைக்குத் தனியே இருக்க முடியவில்லை என்றுகூடச் சொன்னேன். அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். வெளிநாட்டில் என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்ல வேண்டும். சொல்லிக் காட்ட வேண்டிய ஆள்தான் இல்லை.

இன்று மத்தியானம் உம்மாவிடம் பேசினேன். "பட்டம் கெடச்சதுக்கு, அவரு குடுத்த மாதிரி நானும் அஞ்சு ஸஹன் குடுக்கப் போறன்" என்றா. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இத ஏன் மகள் அவருக்கிட்ட செல்லல்ல?"

"மனசு ஒடஞ்சி போயிருவாரெண்டு பயந்தன் உம்மா."

"அவரா? ஓ.எல். மூணு தரம் எழுதி, மூணு தரமும் கணக்குல பெயிலான மனிசன்! 'புள்ளக்கிட்ட மட்டும் செல்லிராத, மதிக்க மாட்டா'ண்டு எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டு வெச்சிருந்தாரு."

சிரித்தேன் வாப்பா. சிரித்த வாயோடு அழுதேன். உம்மாவும் அந்தப் பக்கம் அழுதா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாப்பிட வாற ஆக்களுக்கு என்னெண்டு செல்ல?" என்று கேட்டா.

"ஒரு தரம் பெயிலாகி, ரெண்டாம் தரம் பாஸான புள்ளண்டு செல்லுங்க."

"வாப்பாட கதையையும் செல்லவா?"

வேண்டாம் என்றேன். அதை நான் வைத்துக்கொள்கிறேன். இங்கிருந்து கொண்டு வரும் சாமான்களில் அதற்கு நிறை இல்லை, ஆனால் இந்த அறை முழுக்க அதுதான் இருக்கிறது. கணக்கில் மூன்று தரம் பெயிலான மனிதரின் மகள் என்று முன்பே தெரிந்திருந்தால், பெப்ரவரியில் நீங்கள் போன் எடுத்துக் கேட்கும்வரை நான் காத்திருந்திருக்க மாட்டேன். முதல் போன் உங்களுக்குத்தான் எடுத்திருப்பேன்.