முன்னால் போகாத கை

அக்கா,

இன்று காலை பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டைத் தாண்டும்போது அந்த வாடை வந்தது. சோப்பும் சோடாவும் போட்டுப் பட்டு நூலைக் கொதிக்க வைக்கிற வாடை. எழுபது வயதில் கால் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் வந்த பேத்தி, "இன்னா ஆயா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உன்னிடமாக இருந்தால் சொல்லியிருப்பேன். நீ போய் எட்டு மாதமாகிறது.

நாம் வாழ்க்கைப்பட்ட நெசவுக்கார வீட்டில் நீ மூத்த மருமகள், நான் இளையவள். என்னைவிட மூன்று வயதுதான் உனக்கு அதிகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் என் மகன் பிறந்து இருபது நாள் இருக்கும். அவனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். அண்டாவில் நூல் கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், 'இவனை இதில் போட்டுவிட்டால்?' என்று ஒரு நினைப்பு. நினைப்பு மட்டுமில்லை, கண் முன்னாலேயே தெரிந்தது. உள்ளே ஓடி அவனைப் பாயில் கிடத்திவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.

அதன்பிறகு அரிவாள்மனையைப் பார்த்தாலும் வந்தது, மாடிப்படியைப் பார்த்தாலும் வந்தது. பெற்ற பிள்ளையைக் கொல்ல நினைக்கிறவள் நான் என்று முடிவு செய்துகொண்டேன். பால் கொடுக்கிற நேரம் தவிர அவனைத் தொடுவதில்லை. அப்போதும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன்.

அத்தை கவனித்துவிட்டார்கள். "பெத்த புள்ளையத் தொட மாட்டேங்குறா. காத்து கருப்பு ஏதோ அண்டிக்கினு இருக்குது" என்றார்கள். வெள்ளிக்கிழமை பூசாரியை வரவழைப்பது என்றும், குழந்தையைக் கூரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டில் கொஞ்ச நாள் விடுவது என்றும் முடிவானது. என் வீட்டுக்காரரும் சரி என்றார். நானும் எதிர்த்துப் பேசவில்லை. கூரத்துக்குப் போனால் பிழைத்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டாய்.

"எதுக்குமா இவ்ளோ துணி? ஒரேடியா அனுப்பப் போறியா?"

"அவன் என்னை விட்டுப் போவட்டும் அக்கா."

"ஏன்?"

சொல்லிவிட்டேன். அண்டா, அரிவாள்மனை, படி, எல்லாவற்றையும். உன் முகம் வெளுத்துப்போனது. உன் கை தானாகப் போய்க் குழந்தையின் மேல் விழுந்தது. நீ கத்தி ஊரைக் கூட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீ மெதுவாக உட்கார்ந்தாய்.

"நல்லா யோசிச்சு சொல்லு. அந்த நெனப்பு வரும்போது உன் கை முன்னால போவுதா, பின்னால இழுத்துக்குதா?"

என்னை நானே அப்படிக் கேட்டதில்லை. அந்த நிமிஷங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

"இழுத்துக்குது அக்கா. விரலெல்லாம் மரத்துப்போவுது. அவன மாரோட இறுக்கிக்குறேன்."

"அப்ப அது ஆசை இல்லமா. பயம். அவனுக்கு இன்னா ஆயிடுமோன்னு பயந்துக்கினு இருக்குற. நீ ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுட்ட."

நான் அழுதேன். நீ சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் வந்துது. என் பெரிய பொண்ணு பொறந்தப்போ. கெணத்தாண்ட போவவே மாட்டேன்" என்றாய். உடனே கண்டிப்பாகவும் சொன்னாய்: "ஆனா கை முன்னால போற மாதிரி எப்பவாச்சும் தோணுச்சுன்னா, அந்த நிமிஷமே என்னைக் கூப்புடு. வெக்கப்படாத."

கதவைத் திறந்து அத்தையிடம் போனாய். "கொழந்த எங்கயும் போவாது அத்தை. இவளுக்கு ஒடம்பு சரியில்ல. நான் கூட இருக்குறேன்." பூசாரி வந்து விபூதி போட்டுவிட்டுப் போனார், அதை நீ தடுக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் லேடி டாக்டர் முன்னால் உட்கார வைத்தாய். எனக்குச் சொல்ல வாய் வராதபோது நீ எடுத்துக் கொடுத்தாய். இப்படிப் பல பேருக்கு வருவதுண்டு என்று அந்த அம்மா சொன்னபோது, என் கையைப் பிடித்திருந்த உன் கை வியர்த்திருந்தது.

அது ஒரே நாளில் போகவில்லை. சாயங்காலமானால், "இன்னிக்கு எப்போ வந்துது? அதுக்கு முன்னால இன்னா நடந்துது?" என்று கேட்பாய். முதலில் தெரியவில்லை என்பேன். கேட்கக் கேட்கப் பிடிபட்டது. தூங்காத நாளில் வந்தது. சாப்பிடாமல் இருந்தால் வந்தது. வீட்டுக்காரர் சத்தம் போட்டுவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தால், கோபம் வந்தது எனக்கே தெரியாமல் அது பயமாக மாறி வந்தது. எனக்குள் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கக் கற்றது அப்போதுதான்.

ஐந்தாம் மாதம், நீ பின்னால் நிற்க, அவனைத் தூக்கிக்கொண்டு அண்டாவைத் தாண்டினேன். நினைப்பு வந்தது. 'இது பயம்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் நீயும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாய்.

அவனுக்கு இப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. உனக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். இந்தக் கதை அவனுக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது அக்கா. உன் பெரியவள் பிறந்தபோது நான் அந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை. அப்போது உன்னை யார் உட்கார வைத்துக் கேட்டார்கள்? யாரிடம் சொன்னாய்? எனக்குக் கிடைத்த நிம்மதியில் உன்னைத் திருப்பிக் கேட்கத் தோன்றவேயில்லை. இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்னால் யாரும் நிற்காமல், அந்தக் கிணற்றுக்குப் பயந்து நீ தனியாக ஒதுங்கி நின்ற நாட்களை இப்போது நான் சுமக்கிறேன்.