அருகம்புல் பாதி

மார்ச் 9
பாகப்பிரிவினை முடிந்தது. கிணற்றடிப் பாதி தார்தோ அண்ணனுக்கு, அருகம்புல் பாதி எனக்கு. சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தோம். யாரைக் குறை சொல்ல? "பேசாம எனக்குக் குத்தகைக்கு விட்டுடு சுல்மா, மாடு மேயட்டும். நீ மான்டிவிடியோ பட்டணத்துக்கே திரும்பிப் போய்த் துணி தைச்சுக்கிட்டு இரு" என்றார். வருகிற நவம்பர் வசந்தத்தில் இங்கே சர்க்கரைவள்ளி நடுவேன் என்றேன். மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சியபடியே சிரித்தார்.

மார்ச் 14
அண்ணனே டிராக்டரில் வட்டத் தட்டுகள் சுழலும் சட்டிக்கலப்பை பூட்டி வந்து உழுது கொடுத்தார். மாலைக்குள் நிலம் முழுக்கக் கறுப்பு மண். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

மார்ச் 30
மழைக்குப் பிறகு போனேன். பச்சை. முன்பைவிட அடர்த்தி. மண்ணை அள்ளினால் விரல் நீள வேர்த்துண்டுகள், ஒவ்வொன்றிலும் முளை. சட்டி புல்லைக் கொல்லவில்லை. நறுக்கி, நட்டுவிட்டுப் போயிருக்கிறது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறார் அண்ணன். எங்க சொன்னாரு? எப்ப சொன்னாரு? அழுகையா வந்துச்சு.

ஏப்ரல் 6
உளிக்கலப்பை வேரை மேலே இழுத்துப் போடும். ஆனால் வெயிலில் காய வேண்டுமே — ஜூனில் தொடங்கும் எங்கள் குளிர்காலமோ ஒரே ஈரம். அப்படியானால் புதைக்கத்தான் வேண்டும். பக்கத்து நிலத்தில் பால்மாடு வைத்திருக்கும் ஒஃபேலியாவிடம் இறக்கைக்கலப்பை இருக்கிறது. மண்ணை நறுக்காமல் பாளமாகப் புரட்டிக் கவிழ்க்கும். சும்மா கிடக்கும் அந்தக் கலப்பைமேல்தான் அவளுடைய கோழிகள் அடைகின்றன. "தாராளமா எடுத்துக்கோ. கோழிங்ககிட்ட நீயே பேசிக்கோ" என்றாள்.

ஏப்ரல் 19
மூன்று சால்கூட ஓடவில்லை. புல் சுற்றிக்கொண்டு கலப்பை மேலே துள்ளியது. கவிழ்ந்த பாளங்களின் ஓரமெல்லாம் பச்சை எட்டிப் பார்க்கிறது. வேலிக்கு அப்பாலிருந்து அண்ணன், "என்னம்மா, நிலத்துக்குச் சடை பின்றீங்களா?" என்றார்.
"முடி இருக்கிற தலைக்குத்தான் அந்தக் கஷ்டம், தார்தோ. உங்களுக்குப் புரியாது" என்றாள் ஒஃபேலியா. அண்ணன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். வீட்டுக்கு வரும்வரை சிரித்தோம். ஆனாலும் கலப்பை தோற்றதுதானே?

ஏப்ரல் 20
ஒஃபேலியாவின் மாடுகளை நிலத்தில் விட்டோம். மொட்டையடிக்கட்டும்.

மே 11
கலப்பையின் கொழுவைத் தீட்டி, அதற்கு முன்னால் ஒரு குட்டிக்கொழுவும் மாட்டினோம். அது புல்தோலைச் சீவிச் சாலுக்குள் தள்ளுகிறது. பின்னால் வரும் பெரியது மண்ணைப் புரட்டி மேலே போட்டு மூடுகிறது. நான்தான் ஓட்டினேன். திரும்பிப் பார்த்தால் ஒரு பச்சை இழை இல்லை. தையல் பிரிந்து உள்பக்கம் வெளியே வந்த துணி மாதிரி, நிலம் முழுக்கப் புது மண்.

ஜூலை 23
உறைபனி. நல்லது, இன்னும் கொட்டட்டும்; மிச்சமிருக்கும் வேரும் சாகட்டும்.

செப்டம்பர் 21
மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தேன். வேர்கள் பழுப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று அழுகிக் கிடக்கின்றன. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் உயிர். அதைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். ஒஃபேலியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

நவம்பர் 8
வள்ளிக்கொடி நட்டு முடித்தோம். வேலியோரம் அண்ணன் வெகுநேரம் நின்றிருந்தார். என் நிலத்தை உழுத சட்டியைக் கழுவாமல் தன் பாதியில் ஓட்டியிருக்கிறார்; ஒட்டிப் போன துண்டுகள் இப்போது அங்கே பச்சையாகக் கிளம்பியிருக்கின்றன.
"ஒஃபேலியாகிட்ட அந்தக் கலப்பையக் கேட்டேன். உன்கிட்ட கேக்கச் சொல்லிட்டா."
"நானே வந்து ஓட்டித் தரேண்ணே. முதல்ல மாட்ட விட்டு மேச்சு வைங்க."
"எவ்வளவு ஆழம் போகணும்?" என்றார்.
கையை விரித்து ஒரு சாண் காட்டினேன். அவரும் தன் கையை விரித்து அளவு பார்த்துக்கொண்டார்.