ஒன்றரை ஷிப்ட்

திருப்பூர்,
கார்த்திகை மாதம், 2007.

அன்பு மகள் அனுசுயாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குச் சொல்லும்படி ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். கடல் தாண்டிப் போன நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் அம்மா வாய்விட்டுச் சொல்கிறாள், சாமிக்குக் காது கேட்காது என்று நினைப்பு அவளுக்கு. இங்கே நல்ல மழை. அட்டைக் கூரை போன வருஷம் ஒழுகின இடத்தை விட்டுவிட்டு இந்த வருஷம் புது இடம் பார்த்து ஒழுகுகிறது, டிவியை நகர்த்தி வைத்திருக்கிறோம். அங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது என்று சொன்னாய், காலுறை இரண்டாகப் போட்டுக்கொள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நீ பார்த்துக்கொள்கிற அந்த முதியவர்களிடம் கோபப்படாதே, கோபம் நம் வீட்டுச் சொத்து என்பதால் சொல்கிறேன்.

போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் சில விஷயங்களைச் சொல்ல முடியவில்லை. பிள்ளை தனியாக இருக்கிறாள், அவளிடம் எதையும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் சரி என்றுதான் தலையை ஆட்டினேன். ஆனால் நீ ஒன்றும் தெரியாமல் சந்தோஷப்படுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆடி மாதத்தில் நீ போன் செய்து, நீ இருக்கிற ஊர்க் கடைவீதியில் ஒரு பாட்டுக்காரப் பெண்ணின் படத்தை மாடி உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள், அவள் பெயரில் பனியன் விற்கிறார்கள், கடை திறக்கும் முன்பே வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னாய் அல்லவா. அந்தப் பனியனைத்தான் நாங்கள் தைத்துக்கொண்டிருந்தோம். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி எடுத்த ஆர்டரில் ஒரு பங்கு நம் திருமூர்த்தி முதலாளியின் கம்பெனிக்கு வந்தது. நாங்கள் அதைப் பாட்டுக்காரி ஆர்டர் என்றுதான் சொல்வோம். கழுத்து லேபிளில் அவளுடைய கையெழுத்து இருக்கும், மண்புழு நெளிந்த மாதிரி. அதைத் தலைகீழாகத் தைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது செக்கிங்கில் உன் அம்மாவின் வேலை. முதல் வாரம் எது தலை எது கால் என்று தெரியாமல் திண்டாடினாள், பிறகு அந்தப் பெண்ணின் பெயரை என்னைவிட நன்றாக வாசித்தாள்.

அப்புறம் அங்கே ஏதோ பேப்பரில், இந்தப் பெண் பெயர் போட்ட துணியைத் தைக்கிறவர்கள் நாள் முழுவதும் வேலை செய்கிறார்கள் என்று எழுதிவிட்டார்களாம். அந்தப் பெண் டிவியில் வந்து அழுதாள், எனக்கு இது தெரியவே தெரியாது, சரிபண்ணாமல் விடமாட்டேன் என்று சொன்னாள் என்று நீதான் சொன்னாய். இனிமேல் உங்களுக்கெல்லாம் நல்ல காலம்ப்பா என்றும் சொன்னாய். நாங்களும் நம்பினோம். அவள் சரிபண்ணுவதற்கு, ஆட்களை எப்படி வேலை வாங்குகிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பினதுதான் ஆடிட்.

ஆடிட் என்றால் உனக்குத் தெரியும், பள்ளிக்கூட லீவில் எங்களோடு கம்பெனிக்கு வந்தபோதே பார்த்ததுதான். கக்கூஸில் புதுச் சோப்பு வரும், எல்லோர் மூக்கிலும் மாஸ்க் ஏறும், முதலுதவிப் பெட்டியைத் தூசி தட்டி மாட்டுவார்கள். திருமூர்த்தி முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார். எட்டு மணி நேரம்தான் வேலை, ஓவர்டைம் கிடையாது, குடிக்கத் தண்ணீர் உண்டு, யாரும் திட்டுவதில்லை. இவ்வளவுதான் பாடம். குண்டடத்தில் வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், பொய் சொல்லச் சொல்வதற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது. "உங்களுக்கு ஒண்ணும் வராதுங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறனுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அம்மா அரிசி களையும்போதும் தலை வாரும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நான்கூட, பரீட்சைக்கா போகிறாய் என்று கேலி செய்தேன்.

ஒரு வெள்ளைக்கார அம்மாவும் மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண்ணும் வந்தார்கள். பத்துப் பேரைத் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டார்கள், அதில் அம்மாவும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே எனக்குச் சொன்னாள். ஓவர்டைம் உண்டா என்று கேட்டார்களாம். இவள் நெஞ்சை நிமிர்த்தி, "ஓவர்டைமெல்லாம் கிடையவே கிடையாதுங்கம்மா, ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்குப் போயிருவோம்" என்று சொன்னாளாம். ஷிப்ட் எத்தனை மணி நேரம் என்று கேட்டார்களாம். "எட்டு" என்று பாடத்தில் உள்ளபடியே சொன்னாளாம். கேட்டதுக்கெல்லாம் கரெக்டாச் சொல்லிட்டேன் என்று சந்தோஷத்தில் கேசரி கிளறினாள். எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை தாயி, நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவதுதானே நமக்கு ஒரு நாள், அதற்கு மேல் உட்கார்ந்தால்தானே ஓவர்டைம். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் ஒன்றரை ஷிப்டை யாராவது அதிகம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

எட்டு மணி ஷிப்ட் ஒன்றரை என்றால் பன்னிரண்டு மணி என்று அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள், அடுத்த மாதம் ஆர்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே, கூலியைக் குறைக்காதே, அதற்கு ஆகிற செலவை நாங்கள் தருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒருவரும் சொல்லவில்லை. வேறு எந்த நாட்டுக்கோ கொண்டுபோய்விட்டார்கள், அங்கே ஷிப்டுக்கு என்ன பெயரோ. வெட்டி வைத்திருந்த துணியைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு போனார்கள். கழுத்து லேபிளை மட்டும் ஒன்று விடாமல் எண்ணி வாங்கிக்கொண்டார்கள், அவள் பெயர் தப்பான இடத்தில் கிடக்கக் கூடாதாம். லேபிளை எண்ணினவர்கள் ஆட்களை எண்ணவில்லை. அந்தப் பெண் அழுதது பொய் என்று நான் சொல்லமாட்டேன், நல்ல மனசாகத்தான் இருக்கும். ஆனால் அழுது முடித்ததும் அவள் கையைக் கழுவிக்கொண்டாள், எங்களுக்குச் சோறு போச்சு. எனக்கு அவள்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பெரிய எக்ஸ்போர்ட்காரர்களும் திருமூர்த்தி முதலாளிக்கு அடுத்த வேலை தரவில்லை. கம்பெனியைப் பூட்டினார். பூட்டுகிற அன்று அவர் உன் அம்மாவைப் பார்த்து, "உங்க மேல ஒண்ணும் தப்பில்லீங்க மூக்கம்மா, எங்க நேரமுங்க" என்றார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அதுவரை அவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, அந்த வார்த்தையில்தான் புரிந்துகொண்டாள். எங்களோடு அதே கம்பெனியில் இருந்த பக்கத்து வீட்டு ரோஸ்மேரி, உன் கல்யாணத்துக்கு நான்தான் பூக்கட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருப்பாளே, அவள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள், "எக்கா, எட்டுன்னு மட்டும் சொல்லதுக்கு ஒனக்கு என்னக்கா வலி? எம் பிள்ளைக வாயில மண்ணப் போட்டுட்டியே." அம்மா குடத்தைக்கூட எடுக்காமல் வந்துவிட்டாள். ரோஸ்மேரி குடும்பம் தூத்துக்குடிக்கே திரும்பிப் போய்விட்டது. போகும்போது நம் வாசலைத் தாண்டித்தான் போனார்கள், யாரும் உள்ளே பார்க்கவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். உண்மையைத்தானே சொன்னாய், விடு என்றேன் நான். உண்மை சொல்லணும்னு நான் போகலையே, பொய் சொல்லத்தானே போனேன், அதுகூட எனக்கு வரலையே என்றாள்.

எனக்கு வேறு இடத்தில் டெய்லர் வேலை கிடைத்துவிட்டது. அம்மாவை எங்கே போனாலும், ஒன்றரை ஷிப்ட் அம்மாவா என்று கேட்டுச் சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள், ஆடிட் நாளில் மட்டும் வேலைக்கு வரக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறான். அங்கேயும் அதே எட்டரைக்கு எட்டரைதான். முந்தாநாள் ஆடிட். அம்மா வழக்கம்போல எழுந்து குளித்து, சோறு கட்டி, அப்புறம் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அனு, அம்மா கம்பெனி மாறியிருக்கிறாள் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தோம், போன ஞாயிற்றுக்கிழமை நீ புது வேலை எப்படிம்மா இருக்கிறது என்று அவளைக் கேட்டாய். எட்டு மணி நேரம்தான் தாயி, ஓவர்டைம் கிடையாது, தண்ணியெல்லாம் சுத்தமா இருக்கு, யாரும் திட்டுறதில்ல என்று அவள் சொன்னாள். அப்பாடா என்று நீ சிரித்தது எனக்கும் கேட்டது. நீ போனை வைத்ததும் அவள் என் முகத்தைப் பார்த்து, "இந்தத் தடவ சரியாச் சொல்லிட்டேன்லா?" என்று கேட்டாள்.

இனி அவளிடம் வேலையைப் பற்றிக் கேட்காதே. என்ன குழம்பு வைத்தாய் என்று கேள், மழை பெய்ததா என்று கேள், அதற்கெல்லாம் அவள் நிஜத்தைச் சொல்வாள். இந்தக் கடிதம் வந்ததையும் காட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. சங்கரன்கோவில் கோமதியம்மாள் துணை இருந்து உன்னை நல்லபடியாக வைத்திருக்க வேண்டும், நீ தீர்க்காயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
மூ. ராஜபாண்டி