இடது காலில் எடை: பூஜ்யம்

மார்ச் 3, செவ்வாய். காலை 10.40. பார்த்தவர்கள் 23 பேர்.

விழுந்தது ஏணியின் இரண்டாவது படியிலிருந்து. உயரம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். நடந்துகொண்டிருந்தது "ஏணியிலிருந்து பாதுகாப்பாக இறங்குவது எப்படி" என்ற வகுப்பு. நடத்தியவன் நான். "கடைசி இரண்டு படியில்தான் எல்லாரும் அவசரப்படுவாங்க" என்று சொல்லிக்கொண்டே அவசரப்பட்டேன். பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். செய்முறை விளக்கம் என்று நினைத்துவிட்டார் போல.

இடது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் விரிசல். விலகல் இல்லை, அறுவை தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு, ஆறு வாரம். எலும்பு டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டுப் போடும்போதே கேட்டேன்.

"ஆறு வாரம்ங்கறது சராசரியா, அதிகபட்சமா டாக்டர்?"

"உங்களைப் பாத்தா குறைஞ்சபட்சம்னு தோணுது."

"கால்ல எவ்வளவு எடை போடலாம்?"

"பூஜ்யம்."

"ஒரு பத்து கிலோ?"

"பூஜ்யம்னா பூஜ்யம் தம்பி. அதுக்குள்ள பத்து கிலோ எங்க வரும்?"

மார்ச் 23-இல் எங்கள் ஆலையின் வருடாந்திர ஷட்டவுன். ஏழு நாள் எல்லா இயந்திரங்களும் நிற்கும். திறக்க வேண்டியவற்றைத் திறந்து பார்ப்போம். எதைத் திறப்பது, எதை விடுவது என்பதை அதிர்வு அளக்கும் எங்கள் பிரிவுதான் சொல்கிறது. அந்தப் பிரிவுக்கு இந்த முறை ஒரு தலைவரைப் போடப்போகிறார்கள். மேலாளர் என்னிடம் "நீதான்" என்று பாதி சொல்லிவிட்டார்.

ஆறு வாரம் என்றால் ஏப்ரல் 14. கதைக்கு ஆகாது.

மார்ச் 4

அக்கா வீட்டில் இருக்கிறேன். என் அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். அத்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். ஆகவே இந்த வீட்டில் என் கணக்கும் செல்லாது, என் காலும் பெரிய விஷயமில்லை.

"நான் ஏத்திட்டுப் போன காலையெல்லாம் வரிசையா வெச்சா, மாப்ள, இந்தத் தெருமுனை வரைக்கும் வரும். உன்னுது அதுல சுண்டுவிரல்" என்றார் அத்தான்.

டாக்டர் ஒன்பது விதிகள் அடித்த தாள் கொடுத்திருக்கிறார். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கவும். கால்விரல்களை மணிக்கொரு முறை அசைக்கவும். விரல் நீலமானால், மரத்துப்போனால் உடனே வரவும். ஊன்றுகோலில் எடை உள்ளங்கையில் இருக்கட்டும், அக்குளில் வேண்டாம். கட்டுக்குள் எதையும் விடாதீர்கள். கட்டை நனைக்காதீர்கள். இப்படியே போகிறது. எதிலும் ஒரு எண் இல்லை. மேலே என்றால் எத்தனை டிகிரி? அசை என்றால் எத்தனை தடவை? எங்கள் ஆலையில் இப்படி ஒரு செய்முறைத் தாள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மார்ச் 5

இன்று வந்த ஆலோசனைகள் 11. கேட்காமல் வந்தவை 11.

மார்ச் 6

யோசனை வந்துவிட்டது. ஏன் நான்கு நாள் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

விழுந்த அன்று என் கருவிப் பையும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. இரும்பைத் தட்டினால் அதற்கென்று ஒரு அதிர்வு எண் உண்டு. விரிசல் இருந்தால் எண் குறையும், இறுக்கமாக இருந்தால் கூடும். எலும்பு மட்டும் வேறு விதியிலா பிறந்தது? முழங்காலுக்குக் கீழே கரண்டியால் லேசாகத் தட்ட வேண்டும். கணுக்கால் பக்கம் சென்சாரை ஒட்ட வேண்டும். எண் நாளுக்கு நாள் ஏறினால் எலும்பு சேர்கிறது என்று பொருள். ஆறு வாரமா நான்கு வாரமா என்பதை எலும்பே சொல்லட்டும்.

முதல் அளவு: 212.

அத்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, தர்பூசணி வாங்கப் போறியா?"

மார்ச் 7

231.

மார்ச் 8

252. ஏறுகிறது. அக்காவிடம் வரைபடம் காட்டினேன். "கோடு நேரா இருக்கு" என்றாள். அவளிடம் கிடைக்கும் பாராட்டின் உச்சவரம்பு அதுதான்.

மார்ச் 9

271.

மதியம் ஆடிட்டர் போன் செய்தாள். எங்கள் பிரிவில் எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவள். எதற்கும் ஆதாரம் கேட்பாள் என்பதால் ஆலை முழுக்க அதுதான் பேர். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அந்தப் பகுதி நான்கு நொடி.

"பெரிய புளோயர் ரிப்போர்ட் நீங்கதான போட்டீங்க? இந்த ஷட்டவுன்ல திறக்க வேண்டாம்னு இருக்கு."

"ஆமா. நல்லா இருக்கு. இன்னும் ஒரு வருஷம் ஓடும்."

"மூணாம் பேரிங்ல சென்சார் எங்க வெச்சீங்க?"

"பேரிங்ல."

"பேரிங்லயா, அதுக்கு மேல இருக்கற தூசு கவர்லயா?"

"கவர் பேரிங் மேலதான இருக்கு. வேற வீட்லயா இருக்கு?"

"சரி. கேட்டேன், அவ்வளவுதான்."

இவள் கேட்டு எதுவும் "அவ்வளவுதான்" ஆனதில்லை. கவரைக் கழற்ற எட்டு போல்ட். கழற்றி மாட்ட நாற்பது நிமிடம். அளந்த அன்றைக்கு எனக்குப் பதினான்கு இயந்திரங்கள். பதினைந்து வருடமாகக் காற்று ஊதிக்கொண்டிருக்கும் புளோயர் எனக்காக அன்று புதிதாகக் கெட்டுப்போகுமா? தலைவர் பதவி அவளுக்கும் வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா?

மார்ச் 11

274. நேற்றும் 274.

கட்டுக்குள் அரிப்பு. விதி ஐந்து: உள்ளே எதையும் விடாதீர்கள். பதினைந்து சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலை விட்டேன். சுகம் என்றால் சுகம்.

மாலை: ஸ்கேல் வெளியே வரவில்லை.

மார்ச் 12

ஸ்கேல் பற்றி வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. குத்தவில்லை. தூங்கும்போது மட்டும் உள்ளே இருப்பது தெரிகிறது.

மார்ச் 14

274. ஐந்து நாளாக மாறவில்லை. ஏற வேண்டியது ஏறி நின்றுவிட்டது. எந்த இயந்திரமாக இருந்தாலும் நான் இப்போது "இயக்கலாம்" என்று கையெழுத்துப் போடுவேன்.

போட்டேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சமையலறை வரை பதினோரு அடி நடந்தேன். வலி பத்துக்கு இரண்டு. திரும்பி வரும்போது நான்கு. காலில் ஏதோ நொறுங்கினாற்போல் சின்னச் சத்தம்.

அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுடா நடந்த?"

"டேட்டாவைக் கேட்டு."

"அது வந்து உன்னைத் தூக்குமா?"

"அக்கா, அஞ்சு நாளா எண் மாறல. நீயே சரின்னு சொன்ன."

"கோடு சரின்னுதான் சொன்னேன். எங்கிட்ட தினமும் நாப்பது பேர் இப்படி எழுதறாங்க. விடை சரியா இருக்கும். வேற கேள்விக்கு."

சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னாள். ஒன்பது நாளில் என் ஷட்டவுன். இவளுக்கென்ன.

மார்ச் 15

வீக்கம். நடக்கவில்லை. அதாவது, நான்கு முறை மட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

இரண்டாவது வாரப் பரிசோதனை. அத்தான்தான் கூட்டிக்கொண்டு போனார். வண்டியில் படுக்கச் சொன்னார். உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். "படுத்தா சைரன் போடுவேன்" என்று ஆசை காட்டினார். படுக்கவில்லை.

எக்ஸ்ரேயை டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டினார். நானும் பார்த்தேன், அத்தானும் பார்த்தார். எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை. கூர்ந்து பார்த்தால் அதில் தொங்கவிடும் ஓட்டைகூடத் தெரிந்தது.

"இது என்ன தம்பி?"

"ஸ்கேல், டாக்டர்."

"அப்படியா. நல்லதாப் போச்சு. அளவுகோலோட எக்ஸ்ரே எடுத்துட்டு வர்ற பேஷண்ட் நீங்கதான் முதல் ஆளு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "எலும்பு ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கு. ரெண்டு ஆகியிருந்தா பிளேட்டு, ஸ்க்ரூதான். கட்டு குதிகால்ல உடைஞ்சிருக்கு. நடந்தீங்க."

கேள்வியாகக் கேட்கவில்லை.

நான் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். வேறு யாராவது இருந்தால் தூக்கிப் போட்டிருப்பார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். 212, 231, 252, 271, 274.

"சென்சாரை எதுல ஒட்டினீங்க?"

"கட்டு மேல."

"கட்டுக்கும் காலுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"பஞ்சு."

"எவ்வளவு?"

"ஒரு விரல் தடிமன்."

"அப்ப நீங்க எதைத் தட்டி எதைக் கேட்டிருக்கீங்க?" தாளைத் திருப்பிக் கொடுத்தார். "என் மாவுக்கட்டு ஒரு வாரத்துல எப்படிக் காயுதுன்னு அருமையா அளந்திருக்கீங்க. அது நல்லா காஞ்சிடுச்சு. எலும்பு என்ன பண்ணுதுன்னு இந்தத் தாளுக்குத் தெரியாது."

அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பழைய கட்டை வெட்டினார்கள், ஸ்கேலை எடுத்தார்கள், எலும்பை நேராக்கிப் புதுக் கட்டுப் போட்டார்கள். வலித்தது. அதைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை. பஞ்சைப் பட்டை பட்டையாகச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புளோயரின் தூசு கவர் பேரிங் மேல் நேராக உட்காரவில்லை. எட்டு போல்ட்டுக்கும் அடியில் எட்டு ரப்பர் வாஷர்.

மார்ச் 17, மாலை

புதுக் கட்டு இன்றிலிருந்து ஆறு வாரம். ஏப்ரல் 28.

ரப்பர் அதிர்வைத் தின்றுவிடும். முதல் வருடப் பாடம். நான் அளந்தது கவரை. கவர் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. உள்ளே பேரிங் என்ன பண்ணிட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னே தெரியாம கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு ஆபரேட்டர் மணிக்கு ஒரு தரம் அந்த புளோயர் பக்கம் நடந்து போறார். பேரிங் இறுகி அந்த வேகத்துல ஷாஃப்ட் உடைஞ்சா—

நல்லாவும் இருக்கலாம். பதினைந்து வருடமாக ஓடுகிறது.

இப்படித்தான் பதினோரு அடி நடந்தேன்.

சொன்னால் தலைவர் பதவி போகும். சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. ஆடிட்டர் கேட்டாள், நான் பதில் சொன்னேன், அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 18. காலை 8.05

ஆடிட்டருக்குப் போன் செய்தேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்து, பதில் கேலி இரண்டு தயாராக வைத்திருந்தேன்.

"மூணாம் பேரிங்கை நான் கவர் மேலதான் அளந்தேன். ரிப்போர்ட் செல்லாது."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம்.

"போன வாரம் கேட்டப்ப?"

"போன வாரம் நான் சொன்னது தப்பு."

"இதை மெயில்ல அனுப்புவீங்களா?"

"இப்பவே. மேலாளருக்கும்."

"சரி. நான் போய் கவரைக் கழட்டறேன்." பிறகு, "எட்டு போல்ட்டும் துருப்பிடிச்சிருக்கும். அதுக்காகவாவது உங்களைத் திட்டணும்" என்றாள். தயார் செய்து வைத்திருந்த இரண்டு கேலியையும் நான் சொல்லவில்லை.

மெயில் நான்கு வரி. எழுத ஒன்றேகால் மணி நேரம்.

மார்ச் 19

கவர் மேல் நான் எடுத்த அதிர்வு அளவு 1.9. கவருக்கு அடியில் அவள் எடுத்தது 8.3. ஏழைத் தாண்டினாலே ஆபத்து. அன்றே புளோயரின் வேகத்தைக் குறைத்து, அந்தப் பக்கம் ஆள் போகாமல் கயிறு கட்டிவிட்டார்கள். ஷட்டவுன் பட்டியலில் முதல் வரி இப்போது அதுதான்.

மேலாளர் பேசினார். கத்தவில்லை. "நீயே சொன்னதுக்கு நன்றி" என்றார். அந்தக் குரலில் ஒரு "ஆனால்" இருந்தது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 20

காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தேன். நாள் முழுக்க. வீக்கம் இறங்குகிறது. எத்தனை டிகிரி என்று பார்க்கவில்லை.

மார்ச் 22

அத்தான் பக்கத்துத் தெருக்காரரிடம் கதை சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. கதையில் ஸ்கேல் முப்பது சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது.

மார்ச் 24

புளோயரைத் திறந்தார்கள். ஆடிட்டர் படம் அனுப்பினாள். பேரிங்கின் உள்வளையத்தில் விரிசல், என் சுண்டுவிரல் நீளம். கீழே ஒரு வரி: "இன்னும் ரெண்டு மூணு மாசம் தாங்கியிருக்குமான்னு சந்தேகம்னு ஃபிட்டர் சொல்றார்."

அக்காவிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது உன் காலா?"

"இல்ல."

"ஒரே மாதிரி இருக்கு."

ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடைத்தாளுக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல், "சொன்னது நல்லதுடா" என்றாள்.

மார்ச் 30

ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. பிரிவுத் தலைவர்: ஆடிட்டர். மெயில் எல்லாருக்கும் வந்தது. வாழ்த்துச் சொல்ல அழைத்தேன். பொறாமை பத்துக்கு ஆறு. மறைக்கத் தெரியவில்லை, எனவே சொல்லிவிட்டேன்.

"ஆறுதானா? நானா இருந்தா ஒன்பது" என்றாள். "வந்த உடனே உங்களுக்கு நிறைய வேலை இருக்கு. இதே மாதிரி கவர் மேல அளந்தது இன்னும் ஏதாவது இருக்கா?"

"இல்ல."

சட்டென்று வந்துவிட்டது அந்த "இல்ல".

மார்ச் 31, செவ்வாய்

எக்ஸ்ரே. எலும்பு நேராக இருக்கிறது. விளிம்பில் மங்கலாக, புகை மாதிரி, புது எலும்பு வளரத் தொடங்கியிருக்கிறது. "எவ்வளவு சதவீதம்?" என்று கேட்க வாயைத் திறந்தேன். டாக்டர் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

இனி செய்ய வேண்டியவை:

1. ஏப்ரல் 28 வரை இடது காலில் எடை பூஜ்யம். சமையலறைக்கும் சேர்த்து.

2. கரண்டியை அக்காவிடம் திருப்பிக் கொடுப்பது.

3. கடந்த ஒரு வருடத்தில் நான் அளந்த 41 இயந்திரங்களின் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் "சென்சார் எங்கே வைத்தேன்" என்று ஒரு வரி எழுதுவது. நினைவில்லாத இடத்தில் "நினைவில்லை" என்றே எழுதுவது.

4. ஆடிட்டர் கேட்டதற்கு "இல்ல" என்றேன். இரண்டு இருக்கிறது. ஒன்று குளிர்நீர் பம்ப், ஒன்று கன்வேயர் மோட்டார். நாளை காலை எட்டு மணிக்கு, அவள் மறுபடி கேட்பதற்கு முன், சொல்லிவிடுவது.

5. ஏழே முக்காலுக்கு.